எல்வா அத்தை ஏறாமல் பஸ் நகராது

அத்தியாயம் ஒன்பது

மழை விட்டுவிட்டது. ரயில்தான் வரவில்லை.

மெனிண்டிக்கு அந்தப் பக்கம் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மண்ணை வெள்ளம் வாரிக்கொண்டு போனதும், வாரத்துக்கு ஒருமுறை சிட்னியிலிருந்து எங்கள் ப்ரோக்கன் ஹில்லுக்கு வருகிற ஒரே ரயில் நின்றுபோனதும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். மெர்வ் சித்தப்பா கதையும் தெரியும். பக்கவாதத்தில் வாய் குழறிப்போன மனிதர். சிட்னியில் மகன் கிளென் வீட்டில் இருக்கிறார். அவரை முதியோர் இல்லத்தில் சேர்க்க ஏற்பாடு நடக்கிறது. நாளைக் காலை அந்த இல்லத்திலிருந்து ஒரு அம்மாள் வீட்டுக்கே வந்து அவரிடம் சம்மதம் கேட்கப் போகிறாள்.

அவர் என்ன சொன்னாலும் யாருக்கும் விளங்காது. அக்கா எல்வாவுக்கு மட்டும் விளங்கும். போனில்கூட விளங்கும்.

"ஊருக்கு வரணும்னு சொல்றான். எனக்குக் கேக்குது. அந்தப் பொம்பளை வரும்போது அவன் பக்கத்துல நான் உக்காந்திருக்கணும். என் தம்பிக்கு நான்தான் வாய்" என்று எல்வா அத்தை பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. முழங்கால் இரண்டும் பேருக்குத்தான் இருக்கின்றன. நாலு சக்கர வாக்கரைத் தள்ளிக்கொண்டுதான் நடை. விமானத்தில் இந்த வாரம் முழுக்க இடமில்லை. கடைசியில் ரயில்காரர்கள் மனம் இரங்கி, டப்போ வரை பஸ்ஸில் கொண்டுபோய் அங்கே சாயங்கால ரயிலில் ஏற்றிவிடுகிறோம் என்றார்கள். கிளெனுக்குத் தெரியாமல் அதில் அத்தைக்கு ஒரு சீட் பிடித்துக்கொடுத்தவள் நரெல். எல்வாவின் இன்னொரு தம்பி, மறைந்துபோன ஹார்வியின் மகள். பள்ளிக்கூடக் கேண்டீனில் சாண்ட்விச் போடுகிறாள். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அறியாதவள்.

அந்தப் பஸ் கிளம்புகிற காலை இது.

நரெல் காரை நிறுத்தியபோது ரயில் நிலையத்தின் முன்னால் ஈ காக்கை இல்லை.

"நாமதான் முதல் ஆளு போல. ஜன்னலோர சீட்டாப் பாத்துப் புடிச்சிடலாம் அத்தை."

எல்வா அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரச் செம்மண்ணில் பெரிய டயர்த் தடம் ஒன்று வளைந்து வெளியே போயிருந்தது.

உள்ளேயிருந்து துடைப்பமும் கையுமாக பாம் வந்தாள். நிலையத்தைக் கூட்டிப் பூட்டுகிறவள்.

"யாரு, எல்வா அக்காவா? நீங்க இங்க என்ன பண்றீங்க? பஸ் போயிடுச்சே!"

"போயிடுச்சா?" நரெல் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினாள். "ஏழு மணிக்குன்னுதானே சொன்னாங்க? இன்னும் ஏழே ஆகலையே!"

"எந்த ஏழு?"

நரெலின் முகம் வெளுத்துவிட்டது.

எங்கள் ஊர்ச் சங்கதி இது. நாங்கள் இருப்பது சிட்னிக்காரர்களின் மாநிலத்தில். கடிகாரம் மட்டும் அடிலெய்டோடு ஓடும். சிட்னியில் ஏழு அடித்தால் இங்கே ஆறரை. சுரங்கத்து ஷிப்டு, பள்ளிக்கூட மணி, மதுக்கடைக் கதவு, எல்லாமே ஊர் நேரம். ரயிலும் ஊர் நேரத்துக்குத்தான் கிளம்பும். ஆகவே டிக்கெட் போடும்போது இந்த ஊரில் பிறந்த ஒருத்தியும் 'எந்த ஏழு' என்று கேட்க மாட்டாள். ஆனால் இந்தப் பஸ் கிழக்கிலிருந்து வாடகைக்குப் பிடித்த பஸ். அவர்கள் நேரத்துக்கு வந்தது, அவர்கள் நேரத்துக்குப் போய்விட்டது. சிட்னிக்காரனுக்கு நாங்கள் எப்போதுமே அரை மணி பின்தங்கியவர்கள்தான், போங்கள்.

"நேத்து சாயங்காலம் எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பினாங்களாமே, கிழக்கு நேரம்னு? உங்களுக்கு வரலையா?" என்றாள் பாம்.

"யார் நம்பர் குடுத்த?" என்று கேட்டாள் எல்வா அத்தை.

"உங்க நம்பர்தான் அத்தை."

"என் செல்போனை நான் ஈஸ்டருக்குப் பிறகு தொடவே இல்லையேடி. வீட்டுப் போன்லதானே பேசறேன்."

நரெல் உதவி எண்ணுக்குப் போட்டாள். காத்திருக்கச் சொல்லிப் பியானோ வாசித்தார்கள். பிறகு ஒரு பெண் வந்து, அடுத்த பஸ் வியாழக்கிழமை, அதில் இடம் இருக்கிறதா என்று பார்க்கட்டுமா என்று இனிமையாகக் கேட்டாள். வியாழக்கிழமை எதற்கு? மெர்வ் சித்தப்பாவிடம் கேட்க வேண்டியதைக் கேட்டு, எழுத வேண்டியதை எழுதி, எல்லாம் முடிந்திருக்கும்.

போனை வைத்ததும் அதுவே அடித்தது. கிளென்.

"அக்கா, அத்தை நேத்து ராத்திரி போன்ல அப்பாகிட்ட 'நான் வரேன்'னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. நிஜமா? பஸ் ஏத்தி விட்டுட்டியா?"

"இல்ல கிளென். பஸ்ஸை விட்டுட்டோம்."

அந்தப் பக்கம் ஒரு நீளமான மூச்சு கேட்டது.

"அப்பாடா! நல்லதாப் போச்சு. நீ பதறாத. அவங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு டீ போட்டுக் குடு. நாளைக்கு எல்லாம் முடியட்டும், நானே பேசிக்கறேன்."

"அவங்க ரொம்ப ஆசையா..."

"நீ சொன்னா கேப்பாங்க அக்கா. இந்தக் குடும்பத்துலயே பொறுமைன்னா நீதான். உன்னைத்தான் நான் நம்பியிருக்கேன்."

இந்த ஒரு வசனத்தை வைத்தே முப்பது வருஷமாக அவளை ஓட்டிக்கொண்டிருக்கிறான் அவன். கிறிஸ்துமஸ் யார் வீட்டில், செத்தவர் கல்லறைக்கு யார் பூ வைப்பது, வயதானவர்களை யார் பார்த்துக்கொள்வது, எல்லாவற்றுக்கும் நரெலின் பொறுமை. அவளும் 'சரி' என்பாள். இப்போதும் 'சரி' நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"என்ன சொல்றான்?" என்றாள் எல்வா அத்தை.

"வீட்டுக்குப் போகச் சொல்றான். நல்லதாப் போச்சாம்."

"எது நல்லதாப் போச்சாம்?"

"நாம பஸ்ஸை விட்டது."

 அத்தை தலையிலிருந்த நல்ல தொப்பியைக் கழற்றினாள். சர்ச்சுக்கும் சாவுக்கும் மட்டும் போடுகிற தொப்பி. சிட்னிக்குப் போகிறோம் என்று இன்று போட்டிருந்தாள். அதை வாக்கரின் கூடைக்குள் வைத்துவிட்டு ரயில் நிலையத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் நடுங்கியது.

அத்தை அழுது நரெல் பார்த்ததே இல்லை. ஹார்வியைப் புதைத்த அன்றுகூடப் பார்த்ததில்லை.

காதில் கிளென் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். நரெல் பேச்சைத் துண்டித்துப் போனைப் பையில் போட்டாள்.

"பஸ் எங்கேயும் ஓடிப் போகல. வழியில முதல்ல வில்கானியாவுல டீக்கு நிப்பாட்டுவான். தொப்பியை எடுத்துத் தலையில வையுங்க. கார்ல ஏறுங்க."

"உன் கேண்டீன்?"

"ஒரு நாள் புள்ளைங்க வீட்டுச் சோத்தைத் தின்னட்டும்!"

பாம் துடைப்பத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வாக்கரை மடித்து டிக்கியில் திணித்தாள். "ரோட்டுல ஆடு நிக்கும், பாத்துப் போ!" என்று கத்தினாள். கார் அதற்குள் திரும்பிவிட்டது.

நரெலின் கார் அவள் மூத்த மகனைவிட வயதில் பெரியது. கோபார் தாண்டினால் எஞ்சின் கொதித்துவிடும் என்பதால்தான் சிட்னிக்கு அவளே ஓட்டிப் போகவில்லை. வில்கானியா வரை தாங்கும் என்று டாரில் சொல்லியிருக்கிறார். டாரில் அவள் கணவர். அவர் சொன்னது நிதானமாக ஓட்டினால்.

அவள் நிதானமாக ஓட்டவில்லை.

"மிதிக்கிறதா இருந்தா ஒழுங்கா மிதி. அந்தக் காலை எதுக்கு வெச்சிருக்க?" என்றாள் அத்தை.

"போலீஸ் புடிச்சா?"

"வண்டியில கிழவிக்கு நெஞ்சுவலின்னு சொல்லு. நான் கண்ணை மூடிக்கறேன்."

இரண்டு பக்கமும் உப்புப் புதர். மழையில் எல்லாம் பச்சை கட்டியிருந்தது. பள்ளங்களில் தண்ணீர் தேங்கி வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு வளைவில் காட்டு ஆடுகள் ஒரு கூட்டமாக நடு ரோட்டில் மாநாடு போட்டிருந்தன. நரெல் பிரேக்கை மிதித்தாள். வண்டி வழுக்கி, ஓரத்துச் சேற்றில் ஒரு சக்கரம் இறங்கி, மறுபடி ஏறியது.

"ஹார்ன் அடிடி!"

"ஹார்ன் வேலை செய்யாது அத்தை!"

எல்வா அத்தை கண்ணாடியை இறக்கினாள். தலையை வெளியே நீட்டி, சுரங்கத்துச் சங்கே தோற்கிற மாதிரி ஒரு குரல் கொடுத்தாள். ஆடுகள் சிதறின.

கொஞ்ச தூரம் போனதும் நரெல் கேட்டாள். எத்தனையோ வருஷமாகக் கேட்க நினைத்துக் கேட்காத கேள்வி அது. வேகத்தில் வாய் திறந்துவிட்டது.

"நீங்க ஏன் அத்தை கல்யாணமே பண்ணிக்கல? அப்பா ஒருத்தரைச் சொல்லுவாரே, உயரமா, பேண்டு குழுவுல ட்ரம்பெட் வாசிப்பாராமே?"

"லெஸ். நல்லவன்தான்." அத்தை ரோட்டையே பார்த்தாள். "அப்பல்லாம் கல்யாணம் ஆனா பொம்பளைக்கு இந்த ஊர்ல வேலை கிடையாது. தொழிற்சங்கத்துச் சட்டம். ஆம்பளைங்க வேலையைப் பொம்பளை புடுங்கக் கூடாதாம். நான் செருப்புக்கடையில நின்னுக்கிட்டிருந்தேன். எங்கம்மா போயிட்டா. ஹார்வி சுரங்கத்துக்குப் போயிட்டான். மெர்வுக்குப் படிப்பு வரும். லெஸ்ஸைக் கட்டினா வேலை போகும், வேலை போனா மெர்வ் படிப்பு போகும். அவ்வளவுதான் கணக்கு."

"அவர் கேட்டாரா? மெர்வ் சித்தப்பா? படிக்க வெய்யின்னு?"

"சின்னப் பய. அவனை என்ன கேக்கறது? எது நல்லதுன்னு எனக்குத் தெரியாதா?"

 எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

வில்கானியாவின் பாலம் தெரிந்தபோது வண்டியின் மூக்கிலிருந்து லேசாக ஆவி வந்தது. ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. பெட்ரோல் பங்க் வாசலில் அந்த வெள்ளைப் பஸ் நின்றிருந்தது. நின்றேதான் இருந்தது! ஆட்கள் கீழே இறங்கி டீயும் பன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நரெல் அழுதுவிட்டாள். "நிக்குது அத்தை, நிக்குது!"

"அழுதுக்கிட்டே வாக்கரை எடு."

ஓட்டுநரின் பெயர் கேரி. சட்டைப் பையில் பெயர் தைத்திருந்தது. கையில் சின்னக் கணினிப் பலகை வைத்திருந்தார். அத்தையின் பெயரைத் தட்டினார், உதட்டைப் பிதுக்கினார்.

"ட்ரெசைஸ், எல்வா. ப்ரோக்கன் ஹில்ல ஏறணும். ஏறல. வராதவங்கன்னு போட்டாச்சு. இங்க ஏத்த முடியாதும்மா."

"இப்ப வந்துட்டேனே."

"ஏறவேண்டிய இடம் இது இல்ல."

"அவங்க சீட்டுல யாராவது உக்காந்திருக்காங்களா?" என்று நரெல் கேட்டாள்.

"காலிதான்."

"காலியா இருக்கற சீட்டு, காசு கட்டின ஆளு, பெறகு என்ன சார்?"

"கம்ப்யூட்டர் ஏத்துக்காது. விதியை மீறி ஏத்தி, வழியில ஏதாவது ஒண்ணுன்னா என் வேலை போயிடும். எனக்கும் புள்ளைகுட்டி இருக்கு. தயவுசெஞ்சு வீட்டுக்குப் போங்க."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வரலாம்.

எல்வா அத்தை திரும்பினாள். வாக்கரைத் தள்ளிக்கொண்டு பஸ்ஸைச் சுற்றி முன்பக்கம் போனாள். கண்ணாடிக்கு நேர் எதிரே நிறுத்தினாள். கைப்பிடியில் இருந்த பிரேக்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பூட்டினாள். வாக்கரில் ஒரு சின்ன சீட் உண்டு, களைத்தால் உட்கார. அதில் உட்கார்ந்து, மடியில் பையை வைத்து, அதிலிருந்து கேரட்டும் சீஸும் துருவி வைத்த சாண்ட்விச்சை எடுத்துப் பிரித்தாள்.

"அம்மா, அங்க உக்காரக் கூடாது. வண்டியை எடுக்கணும்."

"எடு."

"நீங்க நகராம எப்படி எடுக்கறது?"

"அது உன் கஷ்டம்" என்று சொல்லிவிட்டு ஒரு கடி கடித்தாள்.

இதற்குள் டீக் கோப்பைகளோடு ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். பாதிக்கு மேல் எங்கள் ஊர் முகங்கள். அவர்களில் நெவிலும் இருந்தார். பழைய சுரங்கத் தொழிலாளி. சங்கக் கூட்டங்களில் கை எண்ணி எண்ணியே தலை நரைத்தவர். பேத்தி கல்யாணத்துக்குச் சிட்னி போகிறார்.

"என்ன எல்வா அக்கா, மறியலா?"

"நீ போய் டீயைக் குடி நெவ். எனக்கு யார் தயவும் வேணாம்."

நரெல்தான் விஷயத்தைச் சொன்னாள். மெர்வைச் சொன்னாள், ஏழு மணியைச் சொன்னாள், காலி சீட்டைச் சொன்னாள். பேசப் பேசக் குரல் உயர்ந்துகொண்டே போனது. கேண்டீனில் அவள் குரல் இவ்வளவு தூரம் கேட்டதாக யாருக்கும் நினைவில்லை.

நெவில் டீக் கோப்பையை ஒரு குப்பைத் தொட்டியின் மூடி மேல் வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"தோழர்களே, கொஞ்சம் பக்கத்துல வாங்க. ஒரு தீர்மானம் கொண்டுவரேன். எல்வா ட்ரெசைஸ் இந்தப் பஸ்ல ஏறுற வரைக்கும் நாம யாரும் ஏறறதில்ல. வழிமொழியறவங்க யாரு?"

"நான்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"பேச விரும்பறவங்க?"

கேரி இரண்டு கையையும் விரித்தார். "இங்க என்ன நடக்குது? இது பஸ்ஸுங்க!"

"நீங்க உறுப்பினர் இல்ல. உக்காருங்க" என்றார் நெவில்.

வில்கானியாவில் ஏறுவதற்காக மூட்டையோடு நின்ற ஷெரில் என்ற பெண் கையை ஆட்டினாள். "நான் உங்க ஊர் இல்ல. எனக்கு ஓட்டு உண்டா?"

"டிக்கெட் இருக்கா?"

"இருக்கு."

"ஓட்டும் இருக்கு. ஆதரவா இருக்கறவங்க கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. டீக் கோப்பையோடு ஒரு கை, கடித்த பன்னோடு ஒரு கை, குழந்தையின் கையையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கிய ஒரு தாய். நெவில் விரலால் காற்றில் குத்திக் குத்தி எண்ணினார். நரெல் தன் கையையும் தூக்கினாள். பிறகுதான் தன்னிடம் டிக்கெட் இல்லை என்று ஞாபகம் வந்து கீழே இறக்கினாள்.

"எதிர்ப்பு?"

ஒரே ஒரு கை. போன மாதம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த வாத்தியார். "எனக்கு டப்போவுல ரயிலைப் புடிச்சே ஆகணும். நாளைக்கு எனக்கு ஒரு இன்டர்வியூ இருக்கு. மன்னிச்சுக்கோங்க" என்றார் பாவம்.

"ஒரு எதிர்ப்பு. பதிவு பண்ணியாச்சு. பெரும்பான்மை முடிவு. தீர்மானம் நிறைவேறிச்சு. நீங்களும் ஏறக் கூடாது வாத்தியாரே."

"எனக்குத் தெரியும்" என்று வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார்.

எல்வா அத்தை சாண்ட்விச்சைத் தின்றுகொண்டே அவரைப் பார்த்தாள். "இத்தனை பேருக்கு நடுவுல தனியாக் கை தூக்கியிருக்கு அந்தப் புள்ள. அதுக்குக் கறி அடைச்ச பாஸ்டி ஒண்ணு குடு நரெல். என் பையில இருக்கு."

கேரி போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். காற்று அவர் பேச்சை எங்கள் ஊர்க்காரர்கள் பக்கமே கொண்டுவந்தது.

"இல்ல சார், விட்டுட்டுக் கிளம்ப முடியல... பஸ்ஸுக்கு முன்னாடி உக்காந்திருக்காங்க... தூக்கிட்டுப் போறதா? அவங்களுக்கு என் பாட்டி வயசு சார்! அவங்க மட்டும் இல்ல, மொத்தப் பேரும் கீழ நிக்கிறாங்க... ஓட்டுப் போட்டாங்க சார். ஆமா, ஓட்டு. கை தூக்கி... எனக்கு என்ன தெரியும் சார், ப்ரோக்கன் ஹில்காரங்க!"

பிறகு வெகு நேரம் "உம்" கொட்டினார். டப்போவில் ரயில் காத்திருக்காது, முழு பஸ்ஸுக்கும் ஓட்டல் அறை போட வேண்டியிருக்கும் என்று அந்தப் பக்கத்துக்கும் கடைசியில் உறைத்திருக்க வேண்டும்.

கேரி திரும்பி வந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஏறுங்கம்மா. ஆனா நான் ஒரு விளக்கம் எழுதிக் குடுக்கணுமாம்."

"எழுதுங்க. அடியில நாங்க எல்லாரும் கையெழுத்துப் போடறோம். உங்க வேலைக்கு ஏதாவதுன்னா ஒரு போன் பண்ணுங்க, வந்து நிப்போம்" என்றார் நெவில்.

கேரி முதல்முறையாகச் சிரித்தார். அவரே அத்தையைக் கைகொடுத்து ஏற்றினார். அத்தை ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல் முனகி ஏறினாள். வாத்தியார் வாக்கரை மடித்து உள்ளே வைத்தார்.

ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கண்ணாடியைத் தட்டி நரெலைக் கூப்பிட்டாள் அத்தை. கண்ணாடி திறக்காது. உள்ளேயிருந்து என்னவோ சொன்னாள், நரெலுக்குக் கேட்கவில்லை. அத்தை எரிச்சலோடு கையை ஆட்டி, தொப்பியை நேராக்கிக்கொண்டு முன்னால் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். பஸ் கிளம்பிவிட்டது.

நரெல் நடு ரோட்டில் நின்று கை ஆட்டினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றை முடித்துக்காட்டிய சந்தோஷம் அவளுக்கு. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

போன் அடித்தது.

"அக்கா, எத்தனை தடவை கூப்பிடறது? எங்க இருக்க? அத்தை உன்கூடத்தானே?"

"நான் வில்கானியாவுல. அத்தை பஸ்ல. இப்பதான் கிளம்பிச்சு."

 "ஐயோ" என்றான் கிளென்.

"என்னடா ஐயோ? உன் திட்டம் பாழாப் போச்சேன்னா?"

"என் திட்டமா?" அவன் குரல் உடைந்தது. "அப்பாவை நான் தள்ளிவிடப் பாக்கறேன்னுதானே எல்லாரும் பேசிக்கறீங்க? அந்த இல்லத்தைக் கேட்டதே அப்பாதான் அக்கா. ரெண்டு தெரு தள்ளி இருக்கு. அவரோட சீட்டாட்டக் கூட்டாளிங்க அங்க இருக்காங்க. அந்த இல்லத்துப் படத்துல விரலை வெச்சு வெச்சுக் காட்டினாரு. வேணாம்பான்னு நான் அழுதேன், தெரியுமா உனக்கு?"

"இதை ஏண்டா இத்தனை நாளா சொல்லல?"

"அவர் சொல்ல விடல. அத்தைக்குத் தெரிஞ்சா வந்து கையோட ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு பயம். அவங்க முகத்தைப் பாத்து அவரால முடியாதுன்னு சொல்ல முடியாது. இந்த வயசுலயும் அக்கான்னா அவருக்கு நடுக்கம்."

"ஊருக்கு வரணும்னு போன்ல சொன்னாராமே?"

"அத்தைக்கு எது வேணுமோ அதுதான் அத்தைக்குக் கேக்குது."

பஸ் ரோட்டின் கோடியில் ஒரு வெள்ளைப் புள்ளியாகிவிட்டிருந்தது. அதற்கு அப்பால் போனில் சிக்னல் கிடையாது. அந்தப் புள்ளிக்குள், நல்ல தொப்பியோடு, தம்பிக்கு வாயாக இருக்கப் போகிற ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நரெலுக்கு மெர்வ் சித்தப்பா மேல் கோபம் வந்தது, கிளென் மேல் கோபம் வந்தது, அத்தையை நினைத்தால் பாவமாக இருந்தது.

"அக்கா, கேளு" என்றான் கிளென். "கோபார்ல பஸ் நிக்கும். அங்க பங்க்குக்குப் போன் போட்டு அத்தையை இறக்கிடலாம். வீட்டுல ஏதோ அவசரம்னு சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க. உனக்குத்தான் பொறுமையா எடுத்துச் சொல்ல வரும்."

"மாட்டேன்."

"என்ன?"

"மாட்டேன்னு சொன்னேன். காதுல விழலையா? தனக்காக வாழ்க்கையையே குடுத்த அக்காகிட்ட ஒரு 'வேணாம்' சொல்றதுக்கு, ரயில் நின்னதையும் பஸ் போனதையும் நம்பிக்கிட்டு ஒளிஞ்சிருக்காரா அவர்? நாளைக்குக் காலையில உங்கப்பாவுக்கு நல்லா சவரம் பண்ணி, வெளுத்த சட்டை போட்டு, கூடத்துல உக்கார வை. வேணாம்னா அவர் வாயாலேயே, அவங்க முகத்தைப் பாத்து வேணாம்னு சொல்லட்டும். குழறினாப் பரவாயில்ல. அவங்களுக்குப் புரியும்."